ஸ்பிரிங் மாத்தின அன்னைலருந்து முன்பக்கம் டக் டக் சத்தம், டாப் மவுண்ட் புதுசு போட்டும் போகல

08 ஜூன் 2024, மதுரையிலிருந்து கேள்வி

அண்ணா, வண்டி 2014 ஸ்விஃப்ட் பெட்ரோல். வண்டி உயரத்தை இறக்கற லோயரிங் ஸ்பிரிங், 16 இன்ச் அலாய் வீல், 195/55 டயர், பின்னாடி புகை தடையில்லாம போற ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் எல்லாம் ஒரே கடைல ஒரே நாள்ல போட்டேன். அன்னைக்கு சாயங்காலமே முன்னாடி டக் டக்னு ஆரம்பிச்சிருச்சு. டாப் மவுண்ட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் மேல பாடியோட சேர்ற ரப்பர் தாங்கி) போச்சுன்னு சொல்லி ரெண்டு பக்கமும் மாத்தினாங்க, சத்தம் அப்படியே இருக்கு. இப்ப ஸ்டீயரிங் ராக்கை (ஸ்டீயரிங் திருப்பறதை வீலுக்குக் கொண்டு போற பல்சட்டம்) இறக்கிப் பாக்கணும்ங்கறாங்க. இன்னொருத்தர், ஸ்பிரிங் இறக்கினா சத்தம் வரத்தான் செய்யும் பழகிக்கோங்கன்னு சொல்றார். நிஜமா?

08 ஜூன், இரவு 11.10

இல்ல தம்பி. ஸ்பிரிங் இறக்கினா ரைடு இறுகும், பெரிய பள்ளத்துல ஷாக்கோட தடுப்பு ரப்பரான பம்ப் ஸ்டாப்ல போய் தட்டும், அதெல்லாம் எதிர்பார்க்கற விஷயம். ஆனா டக் டக்னு இரும்பு இரும்புல இடிக்குதுன்னா எங்கயோ ரெண்டு பொருளுக்கு நடுவுல இருக்கக்கூடாத ஒரு இடைவெளி இருக்கு. அதுக்குப் பழகக்கூடாது, அதைக் கண்டுபிடிக்கணும்.

ராக்கை இப்ப யாரையும் தொடவிடாதீங்க. காலைல வரைக்கும் சத்தம் இல்லாத ராக், அவங்க கையே வைக்காத ராக், ஸ்பிரிங் போட்ட சாயங்காலம் எப்படிப் போகும்? போகவே போகாதுன்னு சொல்லல, ஆனா அது வரிசைல கடைசி. முதல்ல நிக்க வேண்டியது அன்னைக்கு கழட்டி மாட்டின பொருள்கள்.

என் வண்டியும் ஸ்விஃப்ட்தான், 2013 மாடல், கோயம்புத்தூர். போன வருஷம் உங்க லிஸ்ட்ல இருக்கற எல்லாமே நானும் போட்டேன், வேற ஒரு கடைல. ஒண்ணுக்கு மேல ஒண்ணா சத்தம் வந்து, ஒவ்வொண்ணா தீர்த்து, இன்னைக்கும் ஒரு டக் டக் மிச்சம் இருக்கு. அதனால உங்க வண்டியோட சேர்த்து என் வண்டியையும் இங்கயே எழுதறேன்.

இதுக்கு பதில் சொல்லுங்க. நிக்கற வண்டில ஸ்டீயரிங்கை முழுசா திருப்பினா வருதா? நேரா போறப்ப வருதா, திரும்பறப்ப மட்டுமா? ஸ்பீடு பிரேக்கர்ல வருதா, இல்ல சின்னச்சின்ன ஜல்லி பேந்த ரோட்லயா? எந்த வேகம்? பிரேக் பிடிக்கறப்ப கூடுதா குறையுதா? சத்தம் எப்படி இருக்குன்னு எழுத வேண்டாம், எப்ப வருதுன்னு எழுதுங்க.

09 ஜூன், காலை 7.30

ராத்திரி எழுத விட்டுப்போச்சு, இதுதான் எல்லாத்துக்கும் முன்னாடி. இன்னைக்கே வீல் நட்டை செக் பண்ணுங்க. புது அலாய் போட்டா கொஞ்ச தூரம் ஓடினதும் நட்டு லேசா தளரும், மறுபடி டார்க் ரென்ச்ல மேனுவல்ல சொன்ன அளவுக்கு இறுக்கணும். நட்டு எந்த வகைன்னும் பாருங்க. ஸ்விஃப்ட்ல நட்டு ஏறற ஸ்டட் (போல்ட்) 12 மி.மீ., த்ரெட் இடைவெளி 1.25 மி.மீ. வெளில வாங்கற அலாய்க்கு பெரும்பாலும் கூம்பு முனை நட்டு வேணும், உருண்டை முனை நட்டைப் போட்டு இறுக்கினா கைக்கு டைட்டாத் தெரியும், ஆனா வீல் சரியா உட்காராது.

ஹப் ரிங் இருக்கான்னும் கேளுங்க, ஹப்புக்கும் வீலோட நடு ஓட்டைக்கும் இருக்கற இடைவெளியை அடைக்கற வளையம் அது. நம்ம ஹப் (வீல் மாட்டற நடு பாகம்) 54.1 மி.மீ., வெளி அலாயோட நடு ஓட்டை பல வண்டிக்கும் சேரணும்னு பெருசா, 73.1 வரைக்கும் வெட்டியிருப்பாங்க. நடுவுல ரிங் இல்லன்னா வீல் துல்லியமா நடுவுல உட்காராம 80, 90 வேகத்துல ஸ்டீயரிங் நடுங்கும். உங்க டக் டக்குக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்காதுன்னுதான் நினைக்கறேன், ஆனா வீல் கழட்டறப்ப ஒரு பார்வை பார்த்துருங்க.

11 ஜூன், இரவு 10.15

மதுரை தம்பி பதில் போட்டிருக்கார். நேரா போறப்ப, 15லருந்து 25 வேகத்துல, சின்ன மேடு பள்ளத்துல மட்டும் வருது. ஸ்பீடு பிரேக்கர்ல இல்ல. நின்ன இடத்துல ஸ்டீயரிங் திருப்பினா இல்ல. வலதா இடதான்னு தெரியல. பிரேக் பத்தி கவனிக்கலன்னு எழுதியிருக்கார்.

என் வண்டில இப்ப மிச்சம் இருக்கறதும் ஏறக்குறைய இதேதான், அதனால எனக்கும் ஆர்வம் கூடிருச்சு. முதல்ல தீர்ந்த சத்தங்களைச் சொல்லிடறேன், அடுத்தவங்களுக்கு உதவும்.

என் வண்டில முதல்ல வந்தது நின்ன இடத்துல ஸ்டீயரிங்கை ஒடிச்சா டொய்ங்னு ஒரு சத்தம். பார்க்கிங்ல திருப்பறப்ப காலடியிலயே அதிர்றது தெரியும். கடைல இதுக்கும் டாப் மவுண்ட்னாங்க. நான் மச்சானை உள்ள உக்கார வெச்சு மெதுவா ஸ்டீயரிங்கைத் திருப்பச் சொல்லி, வீலுக்குப் பின்னாடி கையை விட்டு ஸ்பிரிங்கோட ஒரு சுத்தை லேசாத் தொட்டுக்கிட்டு இருந்தேன். இஞ்சின் ஆஃப், ஹேண்ட் பிரேக் போட்டு, வண்டி தரைல. ஸ்பிரிங் ஸ்டீயரிங்கோட சேர்ந்து சீரா சுத்தணும். இது கொஞ்ச தூரம் சுத்தாம இறுகி நின்னு, அப்புறம் டக்னு துள்ளுச்சு, அந்தத் துள்ளல் விரல்ல ஷாக் அடிச்சது, அதே நேரம் டொய்ங். டார்ச் அடிச்சுப் பார்த்தா ஸ்பிரிங்கோட கீழ்முனை, ஸ்ட்ரட்ல (ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்) அதுக்குன்னு இருக்கற படில முட்டி உட்காராம ரெண்டு விரல் அகலம் தள்ளி நிக்குது. கழட்டி முனையைப் படில முட்ட வெச்சு மாட்டினதும் தீர்ந்துச்சு. மவுண்ட்ல ஒரு கோளாறும் இல்ல.

ரெண்டாவது, ஸ்பீடு பிரேக்கர் இறங்கறப்ப டங்னு ஒரு அடி. ஏறறப்ப இல்ல, இறங்கறப்ப மட்டும். லோயரிங் ஸ்பிரிங் உயரம் கம்மி, ஷாக் பழைய நீளமேதான். வீல் முழுசா கீழ தொங்கறப்ப ஸ்பிரிங்குக்குப் பிடிமானம் போயி லூசாயிடும், மறுபடி எடை வர்றப்ப டங்னு உக்காரும். முன்பக்கம் ஜாக் போட்டு ஸ்டாண்ட்ல நிறுத்தி, தொங்கற ஸ்பிரிங்கைக் கையால மேலயும் கீழயும் ஆட்டிப் பார்த்தா தெரிஞ்சிரும். என்னுது ஆடிச்சு. அந்த ஸ்பிரிங்கை எடுத்துட்டு, இவ்வளவு இறக்காத வேற செட் போட்டேன். இந்த விஷயத்துல எனக்கு இரண்டாம் கருத்தே இல்ல, தொங்கறப்ப லூசாகற ஸ்பிரிங்கோட வண்டி ஓட்டக்கூடாது. அதே பழைய ஷாக்ல ரொம்ப இறக்கற ஸ்பிரிங்கை விக்கறவங்க இதை வாய்திறந்து சொல்லணும்.

12 ஜூன், மதியம் 1.40

ஒரு நண்பர் சத்தம் வாரியா எந்தப் பார்ட்னு ஒரு படம் போட்டிருக்கார். டக் டக்னா லிங்க் ராட், கடகடன்னா பால் ஜாயிண்ட், கிரீச்னா புஷ் அப்படின்னு. எடுத்தவுடனே பார்க்க நல்லாயிருக்கு, ஆனா அதை வெச்சு காசு செலவு பண்ணாதீங்க. ஒரே டக் டக் பத்து இடத்துலருந்து வரலாம், பாடி வழியா கேபினுக்குள்ள வர்றப்ப எல்லாம் ஒண்ணாத்தான் கேக்கும். முன்னாடி இடதுல வர்றது சில நேரம் டிரைவர் காலடில வர்றதாவே காது சொல்லும்.

ரெண்டு மூணு விதிவிலக்கு உண்டு. ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சு ஆக்சிலரேட்டர் கொடுத்தா டிக் டிக் டிக்னு வீல் வேகத்தோட கூடிக்கிட்டே போனா அது பெரும்பாலும் வெளிப்பக்க சிவி ஜாயிண்ட் (இஞ்சின் சக்தியை வீலுக்குக் கொண்டு போற ராடோட வீல் பக்க மூட்டு). காலைல ஸ்டார்ட் பண்ணினதும் தகரம் அதிர்ற சத்தம் வந்து ஆர்பிஎம் ஏத்தினா மறைஞ்சா சைலன்சர் ஹீட் ஷீல்டைப் பாருங்க. அங்கயும் கவனிச்சீங்கன்னா, சத்தத்தை விட அது வர்ற நிலைதான் ஆளைக் காட்டிக் கொடுக்குது.

16 ஜூன், இரவு 9.00

ஞாயித்துக்கிழமை முழுக்க வண்டிக்கு அடியிலயே போச்சு. நமக்குத் தெரிஞ்ச ஒரு பட்டறைல லிஃப்ட் கிடைச்சது, மெக்கானிக் பொறுமையான மனுஷன், பேச்சு கம்மி.

என் முதல் சந்தேகம் ஸ்டெபிலைசர் லிங்க், வளைவுல வண்டி சாயாம பிடிக்கற கம்பியை வீல் பக்கத்தோட சேர்க்கற சின்ன ராட். கழட்டிக் கையால ஆட்டினா டைட்டாத்தான் இருக்கு, ஆனா எடை ஏறறப்ப என்ன பண்ணும்னு கையால தெரியாது. அதனால ரெண்டு பக்க லிங்க்கையும் கழட்டி, கம்பியை எதுலயும் இடிக்காம கட்டி வெச்சுட்டு, பட்டறை சந்துக்குள்ளயே அதே பேந்த ரோட்ல மெதுவா ஓட்டினோம். லிங்க் இல்லாம வண்டி சாயும், அதனால இதை மெயின் ரோட்ல பண்ணாதீங்க, நடக்கற வேகம் போதும். டக் டக் அப்படியே வந்துச்சு. ஆக லிங்க்கும் இல்ல, ஸ்டெபிலைசர் புஷ்ஷும் இல்ல, ரெண்டும் ஒரே அடில வெளிய. புது லிங்க் வாங்கிப் போட்டுப் பார்த்திருந்தா காசும் போய் சந்தேகமும் மிச்சம் இருந்திருக்கும். பார்ட் மாத்திப் பாக்கறதை விட பார்ட்டைக் கழட்டி வெச்சுப் பாக்கறது எவ்வளவோ மேல், முடியற இடத்துல.

அடுத்து லோயர் ஆர்ம், வீலை அடியில வண்டியோட சேர்க்கற கை. பார் போட்டு நெம்பினார், பால் ஜாயிண்ட் ஆட்டமே இல்ல. ஆனா முன் புஷ்ல ரப்பர் ஓரத்துல மெல்லிசா கோடு விழுந்திருக்கு. மெக்கானிக் அதைக் காட்டிட்டுக் கேட்டார், இதை இறுக்கறப்ப வண்டி லிஃப்ட்ல தொங்கிச்சா தரைல நின்னுச்சான்னு. இங்கதான் விஷயம். இந்த புஷ்ல ரப்பர் உள் குழாயோடயும் வெளிக்கூடோடயும் ஒட்டித்தான் இருக்கும். போல்டை இறுக்கினா உள் குழாய் அந்த இடத்துலயே லாக் ஆயிடும். வீல் காத்துல தொங்கறப்ப இறுக்கிட்டா, வண்டியைத் தரைல இறக்கினதும் ஆர்ம் மேல வர, ரப்பர் ஈரத்துணியைப் பிழியற மாதிரி முறுக்கின நிலையிலயே நிரந்தரமா நிக்கும். கொஞ்ச நாள்ல கிழியும். அதுக்கு முன்னாடியே கிரீச்சுன்னு முனகும். வண்டியை இறக்கியிருந்தா ஆர்மோட கோணமும் மாறியிருக்கும், அப்ப முறுக்கல் இன்னும் அதிகம்.

போல்டை லூஸ் பண்ணி, வீல் எடையைத் தாங்கி நிக்கற நிலைக்குக் கொண்டு வந்து, அதே நிலைல மறுபடி இறுக்கினார். காலைல வண்டி எடுக்கறப்ப வந்துக்கிட்டு இருந்த கிரீச் போச்சு. பின் வீல் ரெண்டையும் சேர்க்கற பீமோட புஷ்ஷுக்கும் இதே விதிதான், அதையும் பண்ணிட்டோம். டக் டக் மட்டும் போகல.

17 ஜூன், காலை 6.50

ராத்திரி படுத்து யோசிச்சதுல வரிசையை மாத்தணும்னு தோணுது. லிஃப்ட், லிங்க் கழட்டறது எல்லாத்துக்கும் முன்னாடி ஒரு சோதனை இருக்கு, காசே இல்லாதது. அதே ரோட்ல அதே வேகத்துல போய், சத்தம் வர்றப்ப இடது காலால பிரேக் பெடலை மெல்லத் தொடுங்க, வண்டி வேகம் குறையவே கூடாது, பேடு டிஸ்க்கைத் தொட்டா போதும். சத்தம் சட்டுனு நின்னா அது பேடு இல்லன்னா காலிப்பர் (பேடை டிஸ்க்ல அமுக்கற பிடி). நிக்கலன்னா அந்தப் பக்கமே பாக்க வேண்டாம். இடது கால் பழக்கம் இல்லாதவங்க ஆளில்லாத இடத்துல பண்ணுங்க, வழக்கத்தை விட அழுத்தமா மிதிச்சுருவீங்க.

என் வண்டில இதைச் செஞ்சு பார்த்தேன், நிக்கல. மதுரை தம்பி, நீங்களும் பாருங்க. இன்னொண்ணு. அன்னைக்கு கடைல என்னென்ன போட்டீங்கன்னு சொன்னீங்க, என்னென்ன கழட்டினாங்கன்னு சொல்லல. அதை ஒண்ணு விடாம எழுதுங்க. புதுசா போட்டது, பெயிண்ட் அடிச்சது, துடைச்சது, நகர்த்தினது எதுவா இருந்தாலும்.

19 ஜூன், இரவு 10.30

படிச்சிருப்பீங்க. மதுரை தம்பி பிரேக்கைத் தொட்டதும் சத்தம் நின்னுருச்சு! அப்புறம் அவர் போட்ட ரெண்டாவது வரிதான் எல்லாத்தையும் சொல்லுது: காலிப்பருக்கு சிவப்பு பெயிண்ட் அடிச்சாங்கண்ணா, அதை மாடிஃபிகேஷன்ல சேர்க்கல.

பெயிண்ட் அடிக்க காலிப்பரைக் கழட்டியிருப்பாங்க, பிராக்கெட்ல பேடு உக்கார்ற இடத்துல வளைஞ்ச சின்ன ஸ்டீல் தகடு கிளிப் ஒவ்வொரு முனையிலயும் இருக்கும். பேடைத் தட்டாம அமுக்கிப் பிடிச்சு வெக்கறது அதோட வேலை. அதைத் திரும்ப மாட்டலன்னா பேடு பிராக்கெட்டுக்குள்ள ஆடும். சின்ன அதிர்வுல டக் டக், பெரிய மேட்ல மத்த சத்தத்துல மூழ்கிடும், பிரேக் தொட்டா பேடு இறுகி நிக்கும் அதனால சத்தமும் நிக்கும். பெயிண்ட் கிளிப் உக்கார்ற பள்ளத்துல தடிமனா படிஞ்சிருந்தா கிளிப் சரியா உட்காராம அதுவும் ஒரு வினை. காலிப்பர் ஸ்லைடு பின்னுக்கு ரப்பர் பூட் ரெண்டும் முழுசா இருக்கான்னும் பாருங்க. இது பிரேக் சமாச்சாரம், வீட்ல பண்ண வேண்டாம், தெரிஞ்ச ஆள் கிட்ட காட்டுங்க, கண்டிப்பா இந்த வாரமே.

நல்லாயிருந்த டாப் மவுண்ட் ரெண்டைத் தூக்கிப் போட்டாச்சு, அடுத்து ராக்கையும் இறக்கியிருப்பாங்க. காரணம் கைக்கு அடக்கமான ஒரு தகடு. எனக்கு இதுல கோபமே வருது. வண்டி வந்த உடனே ஆளை உக்கார வெச்சு இன்னைக்கு என்னென்ன தொட்டோம்னு கடைக்காரர் நினைச்சுப் பார்த்திருந்தா பெயிண்ட் வேலை அவருக்கே ஞாபகம் வந்திருக்கும்.

21 ஜூன், இரவு 8.05

கிளிப் வாங்கிப் போட்டாச்சாம், சத்தம் இல்லையாம். ஒரு பக்கம் நாலு கிளிப்ல ரெண்டுதான் இருந்துச்சுன்னு படம் அனுப்பியிருக்கார். சந்தோஷம் தம்பி. பழைய டாப் மவுண்ட் கடைல இருந்தா கேட்டு வாங்கி வெச்சுக்கோங்க.

என் டக் டக் இன்னும் இருக்கு.

23 ஜூன், மாலை 5.30

சேலத்துல இருந்து ஒருத்தர் கேட்டது வேற சத்தம், ஆனா இங்க பாதிப் பேருக்கு வரும், அதனால விரிவா. ஃப்ரீ ஃப்ளோ போட்டதுலருந்து ஹைவேல 80 தொடறப்ப காதுக்குள்ள ஊம்னு அழுத்தற இரைச்சல், கார்ல இருக்கறவங்களுக்குத் தலைவலி வருது, கடைல வீல் பேரிங்ங்கறாங்க, பேரிங் மாத்தணுமான்னு கேக்கறார்.

மாத்தறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க. ஆளில்லாத நேரான ரோட்ல 80ல போய் கியரை நியூட்ரலுக்கு எடுங்க. இஞ்சின் ஓடிக்கிட்டே இருக்கணும், சாவியைத் தொடக்கூடாது, ஆஃப் பண்ணினா பிரேக் பூஸ்டரும் ஸ்டீயரிங் பவரும் போயிடும். ஆர்பிஎம் ஐடிலுக்கு இறங்கினதும் ஊம் நின்னா அது இஞ்சின் அல்லது சைலன்சர் பக்கம். வண்டி வேகத்தோடயே தொடர்ந்தா வீல், டயர், பேரிங். பேரிங்னா இன்னொரு அடையாளம் இருக்கு, ஓட்டத்துலயே மெல்ல வலது பக்கம் வளைச்சா எடை இடது வீலுக்குப் போகும், அப்ப சத்தம் கூடினா இடது பேரிங் மேல சந்தேகம். வலது பேரிங்குக்கு இதுக்கு நேர் எதிர்.

கணக்குப் போட்டாலும் தெரியும். ஸ்விஃப்ட் டாப் கியர்ல 80ல ஏறக்குறைய 2400 ஆர்பிஎம்ல இருக்கும். நாலு சிலிண்டர்ல ஒவ்வொரு சுத்துக்கும் ரெண்டு தடவை வெடிக்கும், ஆக ஒரு செகண்டுக்கு 40 சுத்து, 80 வெடிப்பு, அதாவது 80 ஹெர்ட்ஸ். வீல் பக்கம் பாருங்க, 195/55 ஆர்16 டயரோட விட்டம் சுமார் 621 மி.மீ., சுத்தளவு 1.95 மீட்டர். 80 வேகம்னா செகண்டுக்கு 22.2 மீட்டர், அப்ப வீல் செகண்டுக்கு 11.4 சுத்து. போன்ல சத்தத்தோட அலைவரிசை காட்டற ஆப் இலவசமாவே கிடைக்குது. 80 ஹெர்ட்ஸ் பக்கத்துல கூர்மையா ஒரு முனை நின்னு, நாலாவது கியர்ல அதே ஆர்பிஎம் வர்ற வேகத்துலயும் அது அங்கயே நின்னா பேரிங்கைக் குறை சொல்லாதீங்க. ஓட்டறவர் போனைப் பாக்கக் கூடாது, பக்கத்துல ஒருத்தர் பாக்கட்டும்.

(ஒரு சின்னத் தகவல்: கம்பெனி 165/80 ஆர்14 டயர் 620, 185/65 ஆர்15 டயர் 621.5 மி.மீ. மூணும் ஒரே உயரம்தான், அதனால இந்த அளவு போட்டவங்களுக்கு ஸ்பீடோமீட்டர் கணக்கு கெடாது.)

தீர்வு என்னன்னு கேட்டா, சைலன்சர் பைப்ல ஒரு முனை மூடின கிளைக்குழாய் வெச்சு அந்த ஒரு அலைவரிசையை மட்டும் அமுக்கலாம், நீளம் அலைநீளத்துல கால் பங்கு வேணும். சூடான புகைல ஒலி வேகம் செகண்டுக்கு 450 மீட்டருக்கு மேல, 80 ஹெர்ட்ஸுக்கு கணக்குப் பண்ணினா குழாய் ஒன்னரை மீட்டர் கிட்ட வருது. இந்தச் சின்ன வண்டிக்கு அடியில அதுக்கு இடம் எங்க? நான் பழைய கம்பெனி சைலன்சரையே திருப்பிப் போட்டுட்டேன், குழந்தை பின்சீட்ல தூங்குது. சேலம் நண்பர் கம்பெனி சைலன்சரை எடைக்குப் போடாம இருந்தா நல்லது.

24 ஜூன், காலை 9.15

சைலன்சர் மாத்தினவங்க ஹேங்கர் ரப்பரையும் பாருங்க. பைப் அரை இஞ்ச் தள்ளி வெல்டு ஆனாலும் பீம்லயோ பாடிலயோ தொடும், ரிவர்ஸ் எடுக்கறப்ப இஞ்சின் அசையறதுல மட்டும் டப்னு தட்டும். தொட்ட இடத்துல பெயிண்ட் தேய்ஞ்சு பளபளன்னு ஒரு தடம் இருக்கும், அதைத் தேடுங்க.

30 ஜூன், இரவு 9.45

கிடைச்சிருச்சு!

கீழ எல்லாம் பார்த்தாச்சு, லிங்க் இல்ல, ஆர்ம் இல்ல, பிரேக் இல்ல. சரி, ஸ்பிரிங் மாத்தறப்ப வேற எதைக் கழட்டியே ஆகணும்னு தாள்ல வரிசையா எழுதினேன். ஸ்ட்ரட்டைக் கீழ பிடிக்கற ரெண்டு போல்ட், பிரேக் ஹோஸ் பிராக்கெட், ஏபிஎஸ் ஒயர் கிளிப், மேல மவுண்ட் நட்டு, எல்லாத்துக்கும் நடுவுல ஷாக் ராடோட மேல்நட்டு. அந்தக் கடைசி நட்டை இதுவரை யாருமே பாக்கல. லிஃப்ட்ல ஏத்தினா எல்லார் கண்ணும் கீழ இருந்து மேல பாக்குது, அது பானெட்டைத் திறந்தா மேல மூடியோட இருக்கு.

வண்டி தரைல, இஞ்சின் ஆஃப். மூடியை எடுத்துட்டு, நட்டுக்கும் அதுக்கு அடியில இருக்கற வாஷருக்கும் நடுவுல ஆள்காட்டி விரல் நுனியை வெச்சேன். மச்சான் பம்பரைப் பிடிச்சு சின்னதா, ரொம்பச் சின்னதா அமுக்கி விட்டார். இடது பக்கம் ஒண்ணும் இல்ல. வலது பக்கம் ஒவ்வொரு அமுக்கலுக்கும் விரல் நுனில ஒரு டிக். கண்ணுக்கு அசைவே தெரியல, நகத்துக்கு அடியில தெரியுது. கேபின்ல டக்னு கேக்கறது இங்க வெறும் டிக்.

பட்டறைல காட்டினதும் மெக்கானிக் தலையை ஆட்டிட்டு காரணத்தைச் சொன்னார். நட்டு இறுக்கற கன் வெச்சு அடிச்சா நட்டோட சேர்ந்து ராடும் சுத்தும், கை உணர்றது இறுகிட்ட உணர்வு, ஆனா நட்டு அடிவரை போயிருக்காது. ராடோட தலைல அலன் கீ உக்கார்ற ஓட்டை இருக்கறதே அதைச் சுத்தாமப் பிடிச்சு, வளைஞ்ச ரிங் ஸ்பேனரால நட்டை இறுக்கறதுக்குத்தான். அவர் ஸ்ட்ரட்டை முழுசா இறக்கி, ஸ்பிரிங் கம்ப்ரசர் போட்டுக் கழட்டினார், த்ரெட் நல்லாயிருக்கான்னு பார்த்தார், புது லாக் நட்டு போட்டு மேனுவல் டார்க்குக்கு இறுக்கினார். பழைய வாஷரை என் கைல கொடுத்தார். நடுவுல ஓட்டையைச் சுத்தி ஒரு வளையம் மட்டும் கண்ணாடியா தேய்ஞ்சிருந்துச்சு, மத்த இடமெல்லாம் கம்பெனி கோட்டிங் மஞ்சளாவே இருக்கு.

ஓட்டிப் பார்த்தோம், அதே சந்து, அதே வேகம், சத்தம் இல்ல. அவிநாசி ரோடு வரைக்கும் போயிட்டு வந்தேன், கண்ணாடியெல்லாம் இறக்கி விட்டுட்டு.

30 ஜூன், இரவு 10.20

மேல எழுதினதோட இதைச் சேர்த்துப் படிங்க, ரொம்ப முக்கியம். அந்த மேல்நட்டை யாரும் வீட்ல கழட்டாதீங்க. அமுங்கி நிக்கற ஸ்பிரிங்கைப் பிடிச்சு வெச்சிருக்கறதே அந்த நட்டுதான், கம்ப்ரசர் போடாம அதை எடுத்தா ஸ்பிரிங் பாயும், ஆள் உயிருக்கே ஆபத்து. விரல் வெச்சு ஆட்டம் பாக்கறதோட நிறுத்திக்கோங்க.

02 ஜூலை, இரவு 9.30

ரெண்டு கேள்வி வந்திருக்கு.

பெரிய மேட்ல ஏன் சத்தம் இல்லன்னு ஒருத்தர். பெரிய மேட்ல ஷாக் ஒரே திசைல நீளமா போகும், நட்டோட இடைவெளி ஒரு பக்கமா மூடி அப்படியே அழுத்தத்துல நிக்கும், ஒரே ஒரு தட்டு, அதுவும் டயர் சத்தத்துல கரைஞ்சிடும். பேந்த ரோட்ல ராட் மேலயும் கீழயுமா மாறி மாறித் துடிக்கும், ஒவ்வொரு திசை மாத்தத்துக்கும் ஒரு டக். மதுரை தம்பியோட பேடுக்கும் அதே காரணம்தான், அதனாலதான் ரெண்டு வண்டிலயும் சத்தம் அச்சு அசலா ஒண்ணா இருந்துச்சு, பிரிச்சுக் காட்டினது பிரேக் பெடல் மட்டும்.

இன்னொருத்தர், இதெல்லாம் போடறது சட்டப்படி சரியான்னு. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு இதைத்தான் பேசுது, கம்பெனி கொடுத்து ஆர்.சி.ல பதிஞ்ச விவரத்துலருந்து வண்டியை மாத்தக்கூடாதுன்னு 2019 ஜனவரில உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கு. இன்சூரன்ஸ் கிளைம்ல இது முன்னாடி வந்து நிக்கும். போடறதுக்கு முன்னாடி ஆர்.டி.ஓ. ஆபீஸ்லயும் இன்சூரன்ஸ்லயும் கேட்டு எழுத்துல வாங்கிக்கோங்க.

14 ஜூலை, காலை 8.10

சேலம் நண்பர் நியூட்ரல் சோதனை பண்ணிட்டு எழுதியிருக்கார். ஊம் பாதி குறையுது, முழுசா நிக்கல, மிச்சம் வண்டி வேகத்தோடயே வருதாம். அப்ப உங்க வண்டில ரெண்டு சத்தம் ஒண்ணுமேல ஒண்ணா உக்காந்திருக்கு. முதல்ல கம்பெனி சைலன்சரை மாட்டி ஒண்ணை எடுத்துருங்க.

மிச்சத்துக்கு பேரிங் வாங்கறதுக்கு முன்னாடி டயரைப் பாருங்க. ஸ்பிரிங் இறக்கினதுக்கு அப்புறம் அலைன்மெண்ட் பண்ணினதா எங்கயும் நீங்க எழுதல. உயரம் மாறினா டோ (வீல் உள்ள பாக்குதா வெளிய பாக்குதாங்கற கோணம்) மாறும், டோ மாறினா டயர் ரம்பப் பல்லாத் தேயும், அந்தத் தேய்மானம் பேரிங் சத்தத்தையே கொடுக்கும். ஒவ்வொரு டயர் மேலயும் உள்ளங்கையை வெச்சு முன்னாடி ஒரு தடவை பின்னாடி ஒரு தடவை தடவுங்க, உள் ஓரத்தையும் விடாம. ஒரு திசைல வழுக்கிட்டு எதிர்த் திசைல கையைக் கீறினா அதுதான். அப்புறம் முன் டயரைப் பின்னாடியும் பின் டயரை முன்னாடியும் மாத்தி ஓட்டுங்க. சத்தம் இடம் மாறினா டயர், மாறலன்னா பேரிங்கைப் பேசலாம். டயர்ல அம்புக்குறி இருந்தா அதே பக்கத்துலயே முன்பின் மாத்தணும்.

தடவிப் பார்த்துட்டு எந்த டயர், எந்த ஓரம்னு எழுதுங்க. கூடவே அந்தக் கடைல அன்னைக்கு கழட்டின எல்லாத்தோட லிஸ்ட்டும் வேணும்.